அமிர்தியில இருந்து ஒரு மீன் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் எடுத்திருக்கோம்.)

இந்த வாரம் பேசப் போறது மீன். வறுத்த மீன் இல்ல, பட்ஜெட்ல வர்ற மீன். மீன்வளத்துக்கு அரசாங்கம் எவ்வளவு காசு ஒதுக்குது, அது எந்தச் சட்டத்துல நிக்குது, கடைசியில யார் கைக்குப் போய்ச் சேருது, இது மூணும்தான் இன்னிக்கு விஷயம்.

இதை நான் அமிர்தியில இருந்து பதிவு பண்றேன். தெரியாதவங்களுக்கு: வேலூர்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். காடு, ஒரு சின்ன உயிரியல் பூங்கா, மழை பேஞ்சா ஒரு அருவி. கடல் இங்கேருந்து 100 கிலோமீட்டருக்கு மேல. "மீன்வளம் பத்திப் பேச ராமேஸ்வரம் போகாம அமிர்திக்கு ஏன்டா போன?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். அதுக்குப் பதில் ஒரு நம்பர்.

2022-23ல இந்தியாவோட மொத்த மீன் உற்பத்தி 175.45 லட்சம் டன். அதுல கடல்ல பிடிச்சது 44.32 லட்சம் டன். மீதி 131.13 லட்சம் டன் உள்நாட்டுக் கணக்கு. ஆறு, ஏரி, அணை, குளம், மீன் பண்ணை, இறால் பண்ணை எல்லாம் இதுல சேரும். அதாவது நாலுல மூணு பங்கு மீன் கடல்ல இருந்து வரல. ஆனா மீனவர்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் என்ன? படகு, வலை, அலை. சட்டம் பேசறவங்க மனசுலயும் ரொம்ப நாளா அதே படம்தான். அந்தப் படத்துல இல்லாத ஊர்ல உட்கார்ந்து பேசினா கணக்கு வேற மாதிரி தெரியுதான்னு பாக்கத்தான் இங்க வந்தேன்.

எல்லாக் கட்சியும் ஒத்துப்போற இடம்

நம்ம ஊர் அரசியல்ல ரெண்டு பெரிய கட்சியும் ஒத்துப்போற விஷயத்தை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ஒண்ணு மீன்வளம்.

1983ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி. விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் நடந்த மோதலுக்குத் தீர்வா, கரையில இருந்து 3 கடல் மைல் வரைக்கும் பாரம்பரிய மீனவருக்குன்னு ஒதுக்கினாங்க. 2007ல மீனவர் நல வாரியத்துக்கான சட்டம். அது கலைஞர் ஆட்சி. 2012ல நாகப்பட்டினத்தைத் தலைமையிடமா வெச்சு மீன்வளப் பல்கலைக்கழகம். அது ஜெயலலிதா ஆட்சி. கவனிச்சுப் பாருங்க, ஒருத்தர் கொண்டுவந்ததை இன்னொருத்தர் எடுக்கல. மேல மேல கட்டிட்டே போறாங்க.

தடைக்கால நிவாரணமும் அப்படித்தான். நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். அந்த நாளுக்குக் குடும்பத்துக்கு ஒரு தொகை. அதிமுக ஆட்சியில அது 5,000 ரூபாய் ஆச்சு. 2023 ஆகஸ்ட்ல மண்டபம் மீனவர் மாநாட்டுல முதல்வர் ஸ்டாலின் அதை 8,000 ஆக்கறதா அறிவிச்சார்.

டெல்லியிலயும் இதே கதை. தனியா ஒரு மீன்வள அமைச்சகம் அமைப்போம்னு 2019 தேர்தல் அறிக்கையில சொன்னது காங்கிரஸ். ஜெயிச்சு வந்த பாஜக அரசு அதே வருஷம் மீன்வளம், கால்நடை, பால்வளம் மூணையும் சேர்த்து ஒரு அமைச்சகம் அமைச்சது. இந்தத் துறையில எதிர்க்கட்சின்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலையில நான் கத்துக்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஒரு மாற்றத்தைப் பாத்து டீம்ல எல்லாரும் உடனே "சூப்பர், ஓகே"ன்னு சொன்னா, யாரும் அதைத் திறந்தே பாக்கலன்னு அர்த்தமா இருக்கலாம். அதனால நாம திறந்து பாப்போம்.

20,050 கோடி, பிரிச்சுப் பாத்தா

2020 செப்டம்பர் 10ல பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தைத் தொடங்கினாங்க. அஞ்சு வருஷத்துக்கு 20,050 கோடி ரூபாய். மீன்வளத்துல இதுவரைக்கும் இல்லாத பெரிய முதலீடுன்னு சொன்னாங்க. அது உண்மைதான். இதுக்கு முன்னாடி 2015-16ல வந்த நீலப் புரட்சித் திட்டம் 3,000 கோடி.

இப்ப உள்ள போங்க. இந்த 20,050 கோடியில மத்திய அரசு பங்கு 9,407 கோடி. மாநிலங்கள் பங்கு 4,880 கோடி. மீதி 5,763 கோடி யாரோடது? பயனாளிகளோடது. அதாவது குளம் வெட்டறவர், படகு வாங்கறவர், ஐஸ் பெட்டி வாங்கறவர் தன் பாக்கெட்ல இருந்து போடற பணம். அதையும் கூட்டித்தான் 20,050.

2018ல வந்த மீன்வள உட்கட்டமைப்பு நிதியை எடுத்துக்கோங்க. 7,522.48 கோடி. அதுல 5,266.40 கோடி நபார்டு மாதிரி நிறுவனங்கள் தர்ற கடன். 1,316.60 கோடி பயனாளிகள் பங்கு. அரசு பட்ஜெட்ல இருந்து வர்றது 939.48 கோடி. கடன்னா திருப்பிக் கட்டணும். வட்டியில 3 சதவீதம் வரைக்கும் சலுகை இருக்கு, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில இதே மத்ஸ்ய சம்பதாவுக்குள்ள ஒரு துணைத் திட்டம், 6,000 கோடி. அதுல பாதி, 3,000 கோடி, உலக வங்கிக் கடனும் சேர்த்து அரசுப் பக்கம் வர்றது. இன்னொரு பாதி பயனாளிகளும் தனியாரும் போடுவாங்கன்னு எதிர்பார்க்கறது.

நான் இதை ஏமாத்துன்னு சொல்லல. எல்லாமே அரசாங்கம் தானே வெளியிட்ட கணக்கு, மறைக்கல. மானியத் திட்டம்னா பயனாளி பங்கு இருக்கத்தான் செய்யும். நான் சொல்றது இது: தலைப்புல வர்ற நம்பர் வேற, அரசு தர்ற நம்பர் வேற. பயனாளி பங்குன்னு ஒரு வரியில எழுதற அந்தப் பணத்தை ஒரு ஆள் எங்கேயோ போய்ப் புரட்டணும். அந்த ஆள் யாருன்னு பாக்கணும்னா இங்க, மலையடிவாரத்துக்கு வரணும்.

அரை ஏக்கர் கணக்கு

ஜவ்வாது மலையில பெரும்பாலும் இருக்கறவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. மலையை ஆளறவங்கன்னு அந்தப் பேருக்குப் பொருள் சொல்வாங்க. மத்ஸ்ய சம்பதா விதிப்படி பொதுப் பிரிவுக்கு 40 சதவீத மானியம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம். அப்ப இவங்களுக்கு 60.

ஒரு அண்ணன்கிட்ட பேசினேன். பேர் வேண்டாம்னு சொன்னார். ஓடை ஓரத்துல தாழ்வான நிலம் அரை ஏக்கர், மழை பேஞ்சா தண்ணி தேங்கும். நெல்லும் சாமையும் போட்டுப் பாத்துட்டு, மீன் விட்டா என்னன்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டு இருக்கார். நான் போன்ல கால்குலேட்டரை எடுத்து அவர் முன்னாடியே போட்டேன்.

புதுசா மீன் குளம் வெட்ட அரசு நிர்ணயிச்ச செலவு ஒரு ஹெக்டேருக்கு 7 லட்சம். குஞ்சு, தீவனம், உரம்னு முதல் வருஷ உள்ளீட்டுக்கு 4 லட்சம். அரை ஏக்கர்னா சுமார் 0.2 ஹெக்டேர். அப்ப வெட்ட 1,40,000, உள்ளீட்டுக்கு 80,000. மொத்தம் 2,20,000 ரூபாய். 60 சதவீத மானியம் 1,32,000. அவர் பங்கு 88,000.

"அண்ணே, 88 ஆயிரம் போட்டா போதும்ணே"ன்னு சொன்னேன்.

அவர் சிரிச்சார். "தம்பி, மானியம் எப்ப வரும்?"

பெரும்பாலும் இது பின்னேற்பு மானியம். முதல்ல நீங்க வேலையை முடிக்கணும், அதிகாரி வந்து பாக்கணும், போட்டோ எடுக்கணும், அதுக்கப்புறம் வங்கிக் கணக்குல வரும். அண்ணன் சொன்னது அப்படியே சொல்றேன்: "அரசாங்கம் அறுபது பர்சென்ட் தருது, சந்தோசம். ஆனா குழி வெட்ற ஜேசிபிக்காரன் அறுபது பர்சென்ட் கடன் சொல்ல மாட்டானே தம்பி. அவனுக்கு சாயங்காலமே காசு எண்ணி வைக்கணும்."

அதாவது அவர் புரட்ட வேண்டியது 88,000 இல்ல, முழு 2,20,000. மானியம் வர்ற வரைக்கும் அதுக்கு வட்டி யார் கட்டறது? சதவீதத்துல எழுதும்போது இந்தக் கேள்வி காணாம போயிடுது.

கிசான் கிரெடிட் கார்டு இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. 2018-19ல இருந்து மீன் வளர்க்கறவங்களுக்கும் அது உண்டு. ஒழுங்கா கட்டினா வட்டி 4 சதவீதம்தான். நல்ல திட்டம். ஆனா அது தீவனம், குஞ்சு மாதிரி நடைமுறைச் செலவுக்கு. குளம் வெட்டறதுக்கு இல்ல.

அடுத்த சிக்கல் காகிதம். மானியத்துக்கு நிலம் உங்க பேர்ல இருக்கணும், இல்லன்னா நீண்ட காலக் குத்தகைப் பத்திரம் வேணும். "பட்டா எங்க தாத்தா பேர்ல கீது. நாங்க பங்காளிங்க ஆறு பேரு. ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் பெங்களூர்ல. ஆறு கையெழுத்து வாங்கறதுக்குள்ள தண்ணி வத்திடும்"னார்.

தண்ணி வத்திடும்னு சொன்னாரே, அது பேச்சுக்குச் சொன்னது இல்ல. அவர் நிலத்துல ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் தேங்கற தண்ணி மாசி வரைக்கும் நிக்கும், பங்குனியில தரை தெரிஞ்சிடும். அரசாங்கத்துக்கு மார்ச் 31ல வருஷம் முடியுது. அவர் குட்டையிலயும் கிட்டத்தட்ட அப்பதான் தண்ணி முடியுது. விண்ணப்பம், ஒப்புதல், வேலை, ஆய்வு எல்லாம் ஒரு நிதியாண்டுக்குள்ள ஓடுது. மீன் வேற காலண்டர்ல ஓடுது. வருஷம் பூரா தண்ணி இருக்கற குளத்துல சின்னக் குஞ்சு விட்டு நிதானமா வளர்க்கலாம். அஞ்சு மாசத் தண்ணிக்கு நல்லா வளர்ந்த விரலிகளை, அதுவும் மழை வந்த உடனே விடணும். ரெண்டு மாசம் தள்ளிப்போனா அந்த வருஷம் போச்சு.

மீன் குஞ்சு எங்கேருந்து வருது?

இங்க ஒரு சின்ன அறிவியல். கட்லா மேல்மட்டத்துல மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. மூணையும் ஒரே குளத்துல விட்டா சாப்பாட்டுக்கு அடிச்சுக்காது. ஆனா இந்தக் கெண்டை இனங்கள் தேங்கின குளத்துத் தண்ணியில தானா முட்டை போடாது. ஓடற ஆத்து வெள்ளம் வேணும். ஒரு காலத்துல ஆத்துல முட்டையும் குஞ்சும் அரிச்சுக் கொண்டுவந்துதான் வளர்த்தாங்க. 1957 ஜூலை 10ல ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு, இந்தக் கெண்டை மீன்களைத் தூண்டி முட்டை போட வெச்சாங்க. அதனாலதான் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். நாலுல மூணு பங்குன்னு சொன்னேனே, அந்த நம்பருக்குப் பெரிய காரணம் இந்த ஊசிதான்.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. அந்த ஆராய்ச்சி எந்தப் பயனாளியோட 40 சதவீதமும் இல்ல. பொதுப் பணம், பொது ஆராய்ச்சி, பலன் எல்லாருக்கும். இன்னிக்கும் ஒரு மலையடிவாரத்துக்குத் தேவைப்படறது அந்த மாதிரிதான்: சரியான நேரத்துக்கு விரலிகள் தர்ற ஒரு குஞ்சுப் பண்ணை, மண்ணைப் பாத்துத் தண்ணி நிக்குமான்னு சொல்ற ஒரு ஆள். ஒருத்தருக்கு 1,32,000 தர்றதும் நல்லதுதான். ஆனா தனி ஆளால கட்ட முடியாததைக் கட்டித் தர்றதுதான் அரசாங்கத்தோட முதல் வேலைன்னு நான் நினைக்கறேன்.

அமெரிக்காவுல ஒரு முடிச்சு

வெளிநாட்டு உதாரணம் ஒண்ணு. அமெரிக்காவுல 1954ல ஒரு சட்டம் வந்தது. பேர் சால்டன்ஸ்டால்-கென்னடி சட்டம். கென்னடின்னா அதே ஜான் எஃப். கென்னடிதான், அப்ப செனட்டர், ஜனநாயகக் கட்சி. சால்டன்ஸ்டால் குடியரசுக் கட்சி. ரெண்டு பேரும் ஒரே மாநிலம், மீன்பிடிக்குப் பேர் போன மாசசூசெட்ஸ். வேற வேற கட்சி, ஆனா ஒரே துறைமுகம்.

அந்தச் சட்டம் பண்ணது ஒரு முடிச்சு. இறக்குமதி ஆகற மீன் பொருட்கள் மேல வசூலாகற சுங்க வரியில 30 சதவீதத்துக்குச் சமமான தொகை உள்நாட்டு மீன்பிடித் தொழிலுக்குப் போகணும். வருஷா வருஷம் யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம், காசு வர்ற வழி சட்டத்துலயே இருக்கு. நம்ம திட்டங்கள் அப்படி இல்ல. அமைச்சரவை அஞ்சு வருஷத்துக்கு ஒப்புதல் தரும், முடிஞ்சா நீட்டிக்கும். மத்ஸ்ய சம்பதாவையும் 2025-26 வரைக்கும் ஒரு வருஷம் நீட்டிச்சாங்க. நீட்டிக்கலன்னா? கேக்க ஒரு சட்டம் கிடையாது.

ஆனா அமெரிக்கக் கதையிலயும் ஓட்டை உண்டு. அந்தப் பணத்துல பெரும்பங்கு மீனவர் திட்டங்களுக்கு வராம, அந்தத் துறையோட வழக்கமான செலவுக்கே போயிடுதுங்கறது அங்க பல வருஷக் குறை. அதனால சட்டத்துல எழுதினாலே போதும்னு சொல்ல வரல. எழுதினா, "எங்க பணம் எங்க?"ன்னு கேக்க ஒரு பிடி கிடைக்குது. அதுதான் வித்தியாசம்.

காசு இல்லாத ஒரு சட்டம்

நம்ம அரசியலமைப்புல மீன்வளம் மாநிலப் பட்டியல்ல 21ஆவது இனம். கடல் எல்லைக்கு வெளிய இருக்கற மீன்பிடி மத்தியப் பட்டியல்ல 57ஆவது இனம். ஏரியும் குளமும் முழுக்க மாநிலத்தோடது. ஆனா உள்நாட்டு நீர்நிலைக்கு ரொம்ப காலம் கையில இருந்த முக்கியமான சட்டம் எது தெரியுமா? 1897ல ஆங்கிலேயர் போட்ட இந்திய மீன்வளச் சட்டம். வெடி வெச்சுப் பிடிக்காதே, விஷம் கலக்காதேன்னு தடுக்கற சட்டம். தேவைதான். ஆனா மீன் யாருக்குச் சொந்தம்னு ஓடை ஓரத்துல இருக்கறவன் கேட்டா, அதுல பதில் இல்ல.

அந்தக் கேள்விக்குப் பதில் வேற ஒரு சட்டத்துல இருக்கு. 2006 வன உரிமைச் சட்டம். பல கட்சி எம்.பி.க்களும் இருந்த கூட்டுக் குழு பரிசீலிச்சு, டிசம்பர்ல ரெண்டு அவையும் நிறைவேத்தின சட்டம். அதோட 3ஆவது பிரிவுல சமூக உரிமைகள்னு ஒரு பட்டியல் வருது. மேய்ச்சலோட சேர்த்து, நீர்நிலைகள்ல இருக்கற மீனும் மத்த விளைபொருளும்னு தெளிவா எழுதியிருக்கு.

இது இங்க ஏன் முக்கியம்? அமிர்தியைச் சுத்தி காப்புக்காடு. காப்புக்காட்டு ஓடையில அனுமதி இல்லாம மீன் பிடிச்சா வனச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்துல இருந்து குழம்புக்கு மீன் பிடிச்ச ஓடையா இருந்தாலும் சரி. வன உரிமைச் சட்டம் அதே செயலை உரிமைன்னு ஏத்துக்க வழி வெச்சிருக்கு. கிராம சபை மூலமா கேட்டு, அங்கீகாரம் வாங்கணும். தமிழ்நாட்டுல ஒரு நீதிமன்ற இடைக்கால உத்தரவால இந்த உரிமைப் பட்டா வழங்கறது பல வருஷம் நின்னு, 2016ல தடை விலகின பிறகுதான் நகர ஆரம்பிச்சது.

அண்ணன்கிட்ட இந்தப் பிரிவைப் படிச்சுக் காட்டினேன். "மீன்னே எழுதியிருக்கா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் "மானியம் பத்தி நோட்டீஸ் ஒட்டினாங்க. இதுக்கு ஒருத்தரும் நோட்டீஸ் ஒட்டலயே தம்பி"ன்னார்.

என்கிட்ட பதில் இல்ல. ஆனா காரணம் ஊகிக்க முடியுது. மானியத்துக்கு ஒரு தொகை இருக்கு, விழா இருக்கு, காசோலை இருக்கு. உரிமைக்கு ஒரு காகிதம் மட்டும்தான். பணம் தர்றதுல எல்லாக் கட்சியும் சுலபமா ஒத்துப்போகும், ஏன்னா பணத்தால யாரோட அதிகாரமும் குறையாது. உரிமை தந்தா யாரோ ஒருத்தரோட அதிகாரம் குறையும். அங்கதான் இழுக்குது.

நீங்க என்ன பண்ணலாம்?

அடுத்த தடவை மீன்வளத்துக்கு இத்தனை கோடின்னு செய்தி வந்தா மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, இதுல அரசு போடறது எவ்வளவு, கடன் எவ்வளவு, பயனாளி பங்கு எவ்வளவு? ரெண்டு, காசு வேலைக்கு முன்னாடி வருதா, பின்னாடி வருதா? மூணு, பட்டா இல்லாதவருக்கும் ஊருக்குப் பொதுவான நீர்நிலைக்கும் இதுல வழி இருக்கா?

இதுக்கெல்லாம் புதுசா கோடி வேண்டாம். பயனாளிக்கு மானியத்துல ஒரு பகுதியை முன்பணமா தரலாம். மலைப் பகுதிக்கு ஒப்புதலை மழைக்கு முன்னாடியே முடிக்கலாம். கூட்டுப் பட்டா இருக்கறவங்க குழுவா சேர்ந்து விண்ணப்பிக்கறதை எளிசாக்கலாம். மானிய நோட்டீஸ் பக்கத்துலயே வன உரிமை நோட்டீஸையும் ஒட்டலாம். இதுல எதுக்கும் எந்தக் கட்சியும் கொள்கையை மாத்திக்க வேண்டியதில்ல.

கேக்கறவங்கள்ல மலைக்கிராமத்துச் சொந்தம் இருக்கறவங்க இருப்பீங்க. ஊருக்குப் போறப்ப ரெண்டு விஷயம் பண்ணுங்க. பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. உங்க ஊர் ஓடைக்கோ குட்டைக்கோ சமூக உரிமை கேட்டு கிராம சபையில யாராவது மனு குடுத்திருக்காங்களான்னு விசாரிங்க. குடுக்கலன்னா எழுதறதுக்கு உதவி பண்ணுங்க. நமக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

அண்ணன் கடைசியா எடுத்த முடிவையும் சொல்லிடறேன். பங்காளிங்க ஆறு பேரையும் பொங்கலுக்கு ஊருக்கு வரச் சொல்லியிருக்கார். கையெழுத்து முடிஞ்சா அடுத்த ஐப்பசிக்குள்ள குழி. முதல் வருஷம் மானியத்தை நம்பாம, கால் ஏக்கர்ல சின்னதா வெட்டிப் பாக்கலாம்னு இருக்கார். மீன் வந்தா போன் பண்றேன்னு சொல்லியிருக்கார். வந்தா நானும் சொல்றேன். அடுத்த வாரம் சந்திப்போம்.